பொத்தான் தட்டுப்பாடு

எங்கள் அலுவலகத்துக் காபி நன்றாக இருக்கும். ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலக்காயைத் தாராளமாகப் போட்டு, மூன்று முறை பொங்கவிட்டு இறக்கிய காபி. "நாளைக்குக் காலையில ஒரு காபி சாப்பிட வாங்களேன்" என்று எங்கள் கிளையிலிருந்து ஒரு வீட்டுக்குத் தொலைபேசி போனால், அந்த வீட்டுக்காரர் அன்றே உயில் எழுதிவிடுவார், மாற்று உள்ளாடை இரண்டு பையில் எடுத்து வைத்துக்கொள்வார். என் எதிரில் வந்து உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் வைத்துவிடுவார். இருபத்தாறு வருடம் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தேன். குடித்தவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயரும் பதவியும் உங்கள் விசாரணைக் குழு கொடுத்த படிவத்தின் தலையில் இருக்கின்றன. அலுவலகத்தில் என்னை அபூ சகர் என்று கூப்பிடுவார்கள். தட்டச்சு வேண்டாம், கையாலேயே எழுதுகிறேன் என்று கேட்டபோது சம்மதித்தீர்கள், நன்றி. நம் ஊரில் ஒருவனைக் காட்டி "அவனுக்குக் கையெழுத்து அழகு" என்று யாராவது முணுமுணுத்தால், அவன் உளவுத்துறைக்கு அறிக்கை எழுதுகிறவன் என்று பொருள். எனக்கு நிஜமாகவே கையெழுத்து அழகு. மலைக் கிராமத்திலிருந்து இந்தத் தலைநகருக்கு வந்தபோது அது ஒன்றுதான் என் சொத்து.

என் வேலை மிகச் சாதாரணமானது. மண்டபத்தில் கல்யாண விருந்து வைக்க எங்கள் முத்திரை வேண்டும், கோழிப்பண்ணை திறக்க வேண்டும், சலூனைத் துணிக்கடையாக மாற்ற வேண்டும். உங்கள் அம்மா அப்பா கல்யாணத்துக்கும் என்னைப் போல எவனோ ஒருவன் முத்திரை குத்தியிருப்பான், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ருஷ்தி பெய்தார் அப்படி ஒரு முத்திரைக்காகத்தான் வந்தார். தையற்காரர் கடைத்தெருவில் பொத்தான் கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் ஹனாதிக்கு அடுத்த மாதக் கடைசி வியாழக்கிழமை கல்யாணம், மண்டபம் பேசியாகிவிட்டது, விருந்தினர் நூற்று எண்பது பேர். படிவம் சரியாக இருந்தது. பட்டியல் சரியாக இருந்தது. வழக்கப்படி அவரைப் பற்றிய உளவுக் கோப்பை எடுத்துவரச் சொன்னேன்.

கோப்பு வந்தது. அட்டையில் பெயர், தாயார் பெயர், பிறந்த இடம். உள்ளே ஒரு தாள்கூட இல்லை.

உங்களுக்கு வயது குறைவு, இதன் பயங்கரம் புரியாமல் போகலாம். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் ஷரீஃபின் கோப்பு நாலு கிலோ. பெரிய மசூதி வாசலில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரியும் பைத்தியக்காரனுக்கு நாற்பது பக்கம். அந்தத் தெருவில் செத்துப் பன்னிரண்டு வருடமான ஒருவரைப் பற்றி அப்போதும் வருடத்துக்கு இரண்டு அறிக்கை வந்துகொண்டிருந்தது, அவர் நடத்தை திருப்தி என்று. இந்த மனிதரைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அவரும் யாரைப் பற்றியும் எழுதியதில்லை. கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளைத் தலைவர் பிரிகேடியர் மிக்தாதிடம் ஓடினேன்.

அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார்.

"அபூ சகர், இந்த ஊர்ல ஒருத்தன் இப்படி இருக்க முடியுமாய்யா? என் சம்சாரத்தைப் பத்தியே என்கிட்ட ஒம்பது அறிக்கை இருக்கு."

"என்னைப் பத்தியும் இருக்குமே ஐயா."

"உன்னைப் பத்தி பதினொண்ணு. அதுல நாலு நீயே எழுதினது."

அது உண்மைதான். அறிக்கை குறையும் மாதங்களில் நான் என்னைப் பற்றி எழுதிக் கணக்கைச் சரிக்கட்டுவதுண்டு.

தலைநகரில் அப்போது எங்களைப் போல நாலு உளவு அமைப்புகள் இருந்தன. நாலும் மக்களைக் கண்காணித்தன, மிச்ச நேரத்தில் ஒன்றையொன்று கண்காணித்தன. ஆகவே காலிக் கோப்புக்குப் பிரிகேடியர் கண்ட விளக்கம் நியாயமாகவே இருந்தது: இந்த ஆள் பக்கத்துத் தெருக் கிளையின் ஆள். நம்மைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு முன் கோப்பைத் துடைத்துவிட்டார்கள். அவர்களிடமே கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டால் நமக்குத் தெரியவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், அதை எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள். எனவே ருஷ்தி பெய்தாரைக் காபிக்குக் கூப்பிட்டேன்.

உள்ளாடைப் பை இல்லாமல் வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம், அதில் சர்க்கரை தோய்த்த பாதாம். "கல்யாண வீட்டு இனிப்பு, மொதல்ல உங்களுக்குத்தான்" என்று மேசையில் வைத்தார். காபி வந்தது. எடுத்தார், அடிவண்டல் தெரியும் வரை குடித்தார்.

"ஏலக்காய் பிரமாதங்க. எந்தக் கடையில வாங்குறீங்க? இன்னொரு கோப்பை கிடைக்குமா?"

பின்னால் ஒரு பெரிய கை இல்லாதவன் எங்கள் கட்டடத்தில் உட்கார்ந்து இரண்டாவது கோப்பை கேட்க மாட்டான் என்று நினைத்தேன். இருந்தாலும் கேள்விகளைக் கேட்டேன். காலை ஒன்பதுக்குக் கடை திறக்கிறார், ஆறுக்கு மூடுகிறார். தாயக்கட்டை ஆடுவதில்லை, தோற்றுப்போவாராம். வானொலி கேட்பதில்லை, இடது காது மந்தம்.

"அரசியல் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"எனக்குப் பொத்தான் பத்தித்தான் தெரியும் ஐயா. ரெண்டு ஓட்டை, நாலு ஓட்டை, காம்பு வச்சது. ஹனாதி கல்யாண உடுப்புக்கு முப்பத்தாறு முத்துப் பொத்தான் எடுத்து வச்சிருக்கேன். முத்திரை எப்பங்க கிடைக்கும்?"

"பரிசீலனையில இருக்கு" என்றேன்.

பிரிகேடியர் யோசித்தார். கோப்பில் ஒன்றுமில்லாதவனுக்கு முத்திரை குத்தினால், நாம் அசட்டையாக இருக்கிறோம் என்று பக்கத்துக் கிளை எழுதும். குத்தாவிட்டால், அவர்கள் ஆளை அலைக்கழித்தோம் என்று எழுதும். ஒரே வழி, கோப்பு காலியாக இருக்கக் கூடாது.

"ஒரு அஞ்சு வருஷத்துக்கு எழுதிடு, அபூ சகர். நல்லதா எழுது. ஆனா நல்லது மட்டும் எழுதிடாதே, எவனும் நம்ப மாட்டான். சின்னதா ஒரு தப்பு வை."

எழுதினேன். அந்த ஒரு வாரம் என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த வாரம், இதை மறைக்க விரும்பவில்லை. கடையில் தொங்கும் நாட்டுத் தலைவரின் படத்தை அவர் தினமும் மென்துணியால் துடைப்பதை எழுதினேன். விடுதலை நாள் உரையை ஐந்து மணி நேரமும் நின்றுகொண்டே கேட்டதை எழுதினேன். முப்பத்தொரு பக்கம். படித்துப் பார்த்தபோது அப்படி ஒருவரை எனக்கே பிடித்திருந்தது. தப்பு மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு நகைச்சுவை போதும் என்று முடிவு செய்தேன். நம் நாட்டில் யாருடைய கோப்பிலும் தலைவரைப் பற்றிய நகைச்சுவை ஒன்றிரண்டு இருக்கும், கறியில் உப்பு மாதிரி. அது இல்லாத கோப்பைத்தான் சந்தேகப்படுவார்கள்.

பழைய நகைச்சுவை எதையாவது எடுத்துப் போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. இளமையில் வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்குகள் அனுப்பியவன் நான், ஒன்றையும் போட்டதில்லை. ஒரு மதியம் முழுதும் மத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வந்தது. தனியாகச் சிரித்தேன், வாசல் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பதிவுக்காக முழுமையாகத் தருகிறேன்:

தலைவர் ஒரு பொத்தான் கடைக்கு வருகிறார். "நாட்டுல ஏன்யா பொத்தானுக்கு இவ்வளவு தட்டுப்பாடு?" என்று கேட்கிறார். கடைக்காரர், "ஒன்றரைக் கோடி வாய் இருக்குதுங்க. வாய்க்கு ஒண்ணுன்னு வச்சாலும் எத்தனை ஆச்சு பாருங்க" என்கிறார். தலைவருக்கு ஒரே மகிழ்ச்சி. "சபாஷ். எனக்கும் ஒண்ணு குடு" என்கிறார். கடைக்காரர் கைகட்டிச் சொல்கிறார்: "உங்க அளவுக்கு இன்னும் எவனும் செய்யலீங்க."

கடைசி வரிதான் முக்கியம், கவனித்தீர்களா? அது இல்லையென்றால் வெறும் புலம்பல்.

நகைச்சுவை சொன்னால் கேட்டவர் பெயரும் எழுத வேண்டும், விதி. கடைத்தெருவில் மூன்று பெயர் எடுத்துப் போட்டேன்: முடிதிருத்தும் ஷரீஃப், தையற்காரர் வானெஸ், பள்ளி ஆசிரியர் லுத்ஃபி. இங்கேதான் தவறு செய்தேன். மூன்று பேரும் எங்களுக்கு அறிக்கை எழுதுகிறவர்கள் என்பது எழுதும் சுகத்தில் மறந்துபோயிற்று. இரண்டே நாளில் பதிவுப் பிரிவு கேட்டது: மூன்று தகவலாளிகள் முன்னால் சொன்ன நகைச்சுவையை ஒருவர்கூட ஏன் தெரிவிக்கவில்லை?

மூவரையும் கூப்பிட்டு, கோப்பிலிருந்து நகைச்சுவையைப் படித்துக் காட்டி, கேட்டீர்களா என்று விசாரித்தேன். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு என் கதை முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சொல்வது அரசாங்க அறிக்கையைப் பொய் என்பதாகும். அதற்கு அவர்களுக்குத் துணிச்சல் இல்லை.

"கேட்டேங்க. கேட்ட அதிர்ச்சியில கத்தரி கையிலேர்ந்து விழுந்துடுச்சு. அன்னிக்கே எழுதணும்னு இருந்தேன், விரல்ல காயம்" என்றான் ஷரீஃப்.

"நான் சிரிக்கலே ஐயா" என்றார் வானெஸ். "அவங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேன்."

லுத்ஃபி ஒரு படி மேலே போய், அதே நகைச்சுவையை ருஷ்தி தன் வகுப்பறை ஜன்னல் வழியாகவும் சொன்னார் என்றார். சொல்லிக் காட்டச் சொன்னேன். முடிவைக் கெடுத்தார். இரண்டு முறை திருத்திக் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்து அனுப்பினேன்.

அன்று மாலைக்குள் மூன்று பேரும் மனைவியிடம் சொல்லியிருப்பார்கள். ஷரீஃப் பக்கத்துக் கிளைக்கும் எழுதுகிறவன், அங்கேயும் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் பேருந்தில் என் பின் இருக்கையில் இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காக என் நிறுத்தத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். பணியிலிருந்த அதிகாரி என்ற முறையில் அவர்களைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இது என் மேல் உள்ள குற்றங்களில் ஒன்று, குறித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்தாம் நாள் அது மாளிகைக்கு எட்டியது. தலைவர் சிரிக்கவில்லை என்று சொன்னார்கள். நாலு அமைப்புகளுக்கும் ஒரே உத்தரவு: இதை உண்டாக்கியவனைக் கண்டுபிடி. நாலு அமைப்புகளும் தேடின, நாடு முழுதும் நானூறு பேருக்கு மேல் காபி குடிக்க வந்தார்கள். எந்தப் பக்கம் தேடினாலும் பெயரோடும் சாட்சியோடும் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. என்னுடைய கோப்பு, என் கையெழுத்தில்.

ருஷ்தியைத் திங்கட்கிழமை கடையிலிருந்து கூட்டிவந்தோம். கல்யாணத்துக்கு இருபத்துநாலு நாள் இருந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. நகைச்சுவையை யாரும் வாயால் திருப்பிச் சொல்லக் கூடாது, சொன்னால் அதுவும் பரப்பிய குற்றம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஆவணங்களில்கூட "அந்தச் சொல்" என்றுதான் எழுத வேண்டும். ஆகவே அவர் தனக்குத் தெரியாத ஒன்றை, நாங்கள் சொல்லக் கூடாத ஒன்றை, தானாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"எந்தச் சொல்லுங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னது."

"நான் என்னங்க சொன்னேன்?"

"அதைத்தான் நீங்க சொல்லணும்."

பாவம், முயற்சி செய்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேடிக்கைக் கதை, மாவரைக்கிறவனும் கழுதையும். அதைச் சொல்ல இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார், முடிவு மறந்துபோய்விட்டது. மறுநாள் ஞாபகம் வந்துவிட்டது என்று முழுதும் மறுபடி சொன்னார். நான் அவர் மேல் கை வைத்ததில்லை. நான் யார் மேலும் கை வைத்ததில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதெல்லாம் அடுத்த அறையில். எழுதும்போது சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் கதவை மூடி வைத்துக்கொள்வேன். அங்கிருந்து திரும்பக் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"முத்திரை குத்தியாச்சுங்களா?"

"பரிசீலனையில இருக்கு" என்பேன். பொய் சொல்லவில்லை, படிவம் என் இழுப்பறையில்தான் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, சுற்றறிக்கையை மீறி, அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து, நகைச்சுவையை முழுதாகச் சொன்னேன். நிதானமாக, இடம் விட்டு, நன்றாகவே சொன்னேன். அவர் வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

"இதுக்காங்க?" என்று கேட்டார்.

நான் பொறுமையானவன். ஆனால் அது மனதில் தைத்தது. பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் வயிறு வலிக்கச் சிரித்த ஒன்று. சரி, எல்லாருக்கும் ரசனை இருக்காது என்று தேற்றிக்கொண்டேன். அன்று மாலை அவர் ஒப்புதலில் கையொப்பம் போட்டார்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. பிரிகேடியர் மிக்தாதுக்குத் தெரியும், அவர் இப்போது இல்லை. கையொப்பம் ஆன மறுநாள் காலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். களைத்திருந்தார். பக்கத்துக் கிளையும் தலையைச் சொறிந்துகொண்டிருந்ததாம். ருஷ்தி எங்கள் ஆள் என்று அவர்கள் இத்தனை நாளாக நம்பியிருக்கிறார்கள். அவர் யாருடைய ஆளும் இல்லை என்பது இரண்டு பக்கமும் தெரிந்துபோயிற்று.

"அந்த ஆளு பொத்தான் விக்கறவன்யா. வேற ஒண்ணுமில்லே" என்றார். "மேலயும் சூடு ஆறிப்போச்சு. எல்லாருக்கும் மரியாதையா முடியணும், அவ்வளவுதான். நீ இந்த மாதிரி விஷயத்துல விவரமானவன், நிபுணர் கருத்துன்னு ஒரு வரி எழுதிக் குடு. இது அரதப்பழசு, ராஜா காலத்துலயே சொல்லிக்கிட்டிருந்தது, அந்த ராஜாவைப் பத்தினதுன்னு. ஆளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம். பொண்ணு கல்யாணம் எப்போ?"

"வர்ற வியாழன் ஐயா."

"எழுது, எழுது. அந்த மனுஷன் போய்ச் சவரம் பண்ணிக்கட்டும்."

பேனாவை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் தாளின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அது பழையது இல்லை. எந்த ராஜா காலத்திலும் இருந்ததில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்தது. சத்தியத்துக்கு மாறாக ஒரு வரி எழுத என் கை வரவில்லை. எழுதினேன்:

"அந்தச் சொல் முற்றிலும் புதியது. இதற்கு முன் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் வழங்கியதில்லை. கூர்ந்த அறிவும் அரிய திறமையும் உள்ள ஒருவரால் மட்டுமே இது உருவாக்கப்பட்டிருக்க முடியும்."

பிரிகேடியர் இரண்டு முறை படித்தார். "நிச்சயமா சொல்றியா, அபூ சகர்? இதை மேல அனுப்பினா அவன் திரும்ப வர மாட்டான்."

"நிச்சயம் ஐயா" என்றேன்.

அன்று மாலையே ருஷ்தியைப் பாலைவனச் சிறைக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக ஹனாதியின் படிவத்தை எடுத்து முத்திரை குத்தினேன், கல்யாணத்துக்கு முன்பே. எனக்கு மனசாட்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விதிப்படி விருந்தினர் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் அடிக்க வேண்டியிருந்தது. படிவத்தை வாங்கிக்கொள்ள அந்தப் பெண் வரவே இல்லை. மூன்றாவது குளிர்காலத்தில் ருஷ்தி சிறையில் இறந்ததாகத் தகவல் வந்தது. குடும்பத்துக்கு அனுப்பும் தாளில் மாரடைப்பு என்று எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

இப்போது காலம் மாறிவிட்டது. மாளிகையில் யாரும் இல்லை, சிலைகளையெல்லாம் இறக்கிவிட்டார்கள். என்னை யாரும் தேடவில்லை. என் குடியிருப்பில் நான் பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருந்தும் நானாக உங்கள் குழுவைத் தேடி வந்தேன். ஏன் வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் காரணம் என்ற இடத்தில் "குற்ற உணர்வு" என்று நீங்களே எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். மறுத்துப் பேசவில்லை.

போன மாதம் தையற்காரர் கடைத்தெருவுக்கு ருஷ்தியின் பெயரை வைத்தார்கள். ஹனாதிதான் திரையை விலக்கினாள், தலை நரைத்துவிட்டது. கடைச் சுவரில் பளிங்குக் கல் பதித்து நகைச்சுவையை வெட்டியிருக்கிறார்கள், கீழே பெரிய எழுத்தில் ருஷ்தி பெய்தார், பயத்தைப் பார்த்து முதலில் சிரித்தவர். பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரப் போகிறார்களாம். நானும் கூட்டத்தில் நின்று படித்தேன். "எத்தனை ஆச்சு பாருங்க" என்பதோடு கல் முடிந்துவிட்டது. கடைசி வரி இல்லை. என்னால் தாங்க முடியவில்லை, அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பையன் தோளைத் தொட்டு, "உங்களுக்கு அவரைத் தெரியுமா பெரியவரே?" என்று ஆதரவாகக் கேட்டான்.

ஆகவே முழு நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அந்த நகைச்சுவை என்னுடையது. ருஷ்தி பெய்தார் அதைச் சொன்னதில்லை, அவருக்கு அது புரியவும் இல்லை. அவரைச் சாகவிட்டது நான்தான், சட்டப்படி என்ன தண்டனை உண்டோ கொடுங்கள். கல்லில் மட்டும் கடைசி வரியை நான் மேலே எழுதியிருக்கிறபடி சேர்த்துவிடுங்கள். என் பெயருக்கு இடம் போதாதென்றால் அவருடையதை எடுத்துவிடலாம்.